பழைய டர்போ காருக்குப் பெரிய இன்டர்கூலர்: வாங்கும் முன்னும் பொருத்தும்போதும்

கேள்வி இதுதான்: 1990-களின் கடைசியில் வந்த 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். கம்பெனி கொடுத்த சின்ன இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றை இன்ஜினுக்குப் போகும் முன் குளிர்விக்கும் பாகம்) பம்பருக்குப் பின்னால் ஓரமாக, முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கொடுக்கும் அழுத்தம், கொஞ்சம் ஏற்றப்பட்டு 0.8 பாரில் ஓடுகிறது. முதல் தடவை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி நன்றாக இழுக்கிறது. வெயில் நேரத்தில் நாலைந்து தடவை அடுத்தடுத்து மிதித்தால் சோர்ந்துவிடுகிறது. முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் போட்டால் சரியாகுமா, டர்போ லேக் (மிதித்த பிறகு பூஸ்ட் வரும் தாமதம்) கூடுமா, இன்ஜினுக்கு ஆபத்து ஏதாவது வருமா?

போடலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் அதுதான் தீர்வு. ஆனால் இத்தனை வருஷம் ஓடிய வண்டியில், இன்டர்கூலர் சின்னதாக இருப்பதால் சோர்வு வருகிறதா, அதில் சேர்ந்த அழுக்காலும் கசிவாலும் வருகிறதா என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தைப் போடாதீர்கள். பிரித்துப் பார்ப்பது கஷ்டமும் இல்லை. நாலு அளவுகள் எடுத்தால் போதும்.

முதலில் கணக்கு. காற்றை அழுத்தினால் அது சூடாகும். வெளியே 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் வெளிவாயில் 0.8 பார் பூஸ்ட் என்றால் காற்று ஏறக்குறைய 1.8 மடங்கு அழுத்தப்படுகிறது. டர்போவின் கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனில் ஓடினால், அதிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 109 டிகிரியில் இருக்கும். அதாவது 79 டிகிரி ஏற்றம். டர்போ தேய்ந்திருந்தாலோ, தாங்கும் அளவுக்கு மேல் ஊதிக்கொண்டிருந்தாலோ திறன் குறைந்து இன்னும் சூடாகும்.

இந்த 79 டிகிரியில் எவ்வளவை இன்டர்கூலர் திரும்ப எடுத்துவிடுகிறது என்பதுதான் அதன் திறன். 60 சதவீதம் எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் காற்று 62 டிகிரி. 80 சதவீதம் எடுத்தால் 46 டிகிரி. இந்த 16 டிகிரி வித்தியாசத்தில் அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் கூடுகிறது. ஐந்து சதவீதம்தானா என்று தோன்றலாம். ஆனால் காற்று சூடாகச் சூடாக நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) நெருங்குகிறது. நாக் சென்சார் உள்ள வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு உடனே தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, பின்னால் தள்ளிவிடும்; பவர் குறையும். நீங்கள் உணரும் சோர்வில் பெரும்பங்கு இந்த டைமிங் இழப்புதான் என்பது என் கணிப்பு. அதனால் நல்ல இன்டர்கூலரின் பலனை ஒரே ஒரு பவர் எண்ணில் தேட வேண்டாம். முதல் மிதியில் கிடைக்கும் இழுவை ஐந்தாவது மிதியிலும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சூடு பழைய பிரச்சினைதான். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலரே கிடையாது. கம்ப்ரஷன் விகிதமோ 10.25. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே போகும் காற்றோடு சேர்த்துத் தெளித்தார்கள். அந்தத் திரவத்தை ஓட்டுபவர்தான் அவ்வப்போது நிரப்ப வேண்டும். போர்ஷே 911 டர்போவும் 1975-இல் 3 லிட்டர் இன்ஜினோடு வந்தபோது இன்டர்கூலர் இல்லாமல்தான் வந்தது. 1978 மாடலில் 3.3 லிட்டர் ஆனபோதுதான் சேர்த்தார்கள், அதற்கு இடம் கொடுக்கப் பின்பக்க ஸ்பாய்லரையே மாற்றி வடிவமைத்தார்கள். காற்று படும் இடம் கிடைப்பது அவ்வளவு முக்கியம்.

உங்கள் வண்டியின் சிக்கலும் இடம்தான். பம்பர் ஓரத்தில் இன்டர்கூலரை வைப்பது அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. நிஸான் சில்வியா எஸ்13, எஸ்14, நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1.8 டர்போ எல்லாம் அப்படித்தான். கம்பெனி பூஸ்டில் அன்றாடம் ஓட்டுவதற்கு அது போதும். ஆனால் அந்த மூலையில் காற்று நுழையும் வாய் சின்னது, நுழைந்த காற்று வெளியேறும் வழி அதைவிட மோசம். முதல் மிதியில் அலுமினியம் குளிர்ச்சியாக இருப்பதால் அதுவே சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளிக்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோவதற்குள் நீங்கள் அடுத்த தடவை மிதித்துவிடுகிறீர்கள். இப்படி நாலைந்து தடவை ஆனதும் உலோகம் முழுக்கச் சூடேறி, அதற்கு மேல் வாங்க முடியாமல் போகிறது. சுபாரு இம்ப்ரெசா மாதிரி இன்ஜின் மேலேயே இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் இதே கதை வேறு விதமாக நடக்கும்: டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜின் சூடு கீழிருந்து ஏறி அதைச் சுட வைக்கும், வண்டி வேகம் எடுத்துக் கொஞ்ச தூரம் ஓடினால்தான் ஆறும்.

இனி பலர் கவனிக்காத பாதி: அழுத்த இழப்பு. இன்டர்கூலருக்குள் குறுகிய வழிகளில் புகுந்து வரும் காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். 0.1 பாருக்குள் இருந்தால் நல்லது. முழு மிதியில் 0.2 பாரைத் தாண்டினால் அந்த இன்டர்கூலர் இந்த இன்ஜினின் காற்றுக்குப் பத்தவில்லை என்று அர்த்தம். 1.8 பார் முழு அழுத்தத்தில் 0.1 போனாலே ஐந்தரை சதவீதம் போயிற்று. மேலே சொன்ன 16 டிகிரிக் குளிர்ச்சியில் கிடைத்தது முழுவதும் அதில் கரைந்துவிடும். மலிவான பெரிய இன்டர்கூலர் சிலவற்றில் நடப்பது இதுதான். நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் காற்றை நெரிக்கும். இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, இன்னும் சூடான காற்றை அனுப்பும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இன்ஜினின் பாதுகாப்பு இதில் இருக்கிறது. பூஸ்டைக் கட்டுக்குள் வைக்கும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் எங்கிருந்து புறப்படுகிறது? பல பழைய வண்டிகளில் அது கம்ப்ரஸர் வாயிலிருந்தே, அதாவது இன்டர்கூலருக்கு முன்னாலிருந்தே எடுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் ஆக்சுவேட்டர் கட்டுப்படுத்துவது கம்ப்ரஸர் வாயின் அழுத்தத்தைத்தான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழைய இன்டர்கூலர் 0.15 பார் இழந்தால் இன்ஜினுக்கு 0.65 போய்க்கொண்டிருந்திருக்கும். புதியது 0.05 மட்டும் இழந்தால், யாரும் எதையும் திருகாமலேயே மேனிஃபோல்டில் 0.75 ஆகிவிடும். குளிர்ச்சியால் வரும் 5 சதவீதத்தையும் சேர்த்தால் இன்ஜின் விழுங்கும் காற்று சுமார் 11 சதவீதம் கூடுகிறது. அதற்குத் தக்க பெட்ரோல் வருகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏர் மாஸ் மீட்டர் உள்ள வண்டி என்றால் கூடுதல் காற்றை அது அளந்து இசியுவுக்குச் சொல்லிவிடும். இன்ஜெக்டரிலும் பம்பிலும் இடம் இருக்கும்வரை கவலை இல்லை. மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டியில், காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். சென்சார் வேறு எங்காவது இருந்தாலோ, யாரோ முன்பே இசியு சிப்பை மாற்றி இன்ஜெக்டரை அதன் எல்லைக்குக் கொண்டுபோயிருந்தாலோ, கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இருக்காது. முழு மிதியில் மெலிந்த கலவை பிஸ்டனை உருக்கும். எனவே மாற்றியதும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வைத்துக் கலவையை ஒரு முறை பார்ப்பது என்னைப் பொறுத்தவரை கட்டாயம். இரண்டாவது உரிமையாளராக, மூன்றாவது உரிமையாளராக வாங்கிய வண்டியில் இன்னும் கட்டாயம். முன்னே வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

சரி, அளப்பதற்கு வருவோம். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலை, அதே இரண்டு இடங்களில் அழுத்தம். வெப்பநிலைக்கு நுனி திறந்திருக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் வகை சென்சார் நல்லது. தடித்த உறைக்குள் இருக்கும் சென்சார் மெதுவாகத்தான் ஏறும், அதற்குள் நீங்கள் காலை எடுத்துவிடுவீர்கள். இசியுவின் எண்களை வாசிக்கும் ஓபிடி ரீடர் காட்டும் காற்று வெப்பநிலையை அப்படியே நம்பாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சென்சார் ஏர் மீட்டருக்குள்ளேயே, டர்போவுக்கு முன்னால் இருக்கும். அது ஏர் ஃபில்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும். அழுத்தத்துக்கு ஒரே கேஜை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். இரண்டு கேஜ் வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள பிழையே 0.1 பார் இருக்கலாம்.

முன்னே 110, பின்னே 65, வெளியே 30 டிகிரி என்று வந்தால், இறங்கியது 45, இறங்கக்கூடியது 80. திறன் 56 சதவீதம். மூன்றாவது, நான்காவது மிதியிலும் அளந்து அது எப்படிச் சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் நின்று, அழுத்த இழப்பும் குறைவாக இருந்தால் இன்டர்கூலர் குற்றவாளி இல்லை. சோர்வுக்குக் காரணத்தை இக்னிஷனிலோ பெட்ரோல் அழுத்தத்திலோ தேட வேண்டும். ஓட்டும்போது எண்களை வாசிக்க இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும், அல்லது பதிவு செய்யும் கருவி வையுங்கள்.

எண்கள் மோசமாக வந்தாலும் உடனே கடைக்குப் போக வேண்டாம். பழைய இன்டர்கூலரைக் கழற்றிப் பாருங்கள். வெளியே ஃபின்கள் (சூட்டைக் காற்றுக்கு விடும் மெல்லிய தகடுகள்) மடங்கி, மண்ணும் பூச்சியும் அடைத்து, பாதி இடத்தில் காற்றே புகாமல் இருக்கும். உப்புக் காற்றிலோ உப்புத் தூவிய சாலையிலோ ஓடிய வண்டியில் ஃபின்கள் கையால் தொட்டாலே பொடியாக உதிரும். உள்ளே எண்ணெய். இன்ஜினின் உள்வாயுவை வெளியே விடும் பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவி உள்சுவரில் படிந்து சூடு கடத்துவதைக் குறைக்கிறது. அந்த எண்ணெய் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போனால் நாக்கிங்கையும் தூண்டும். லேசான படிவு சாதாரணம். கவிழ்த்தால் வடிகிற அளவுக்கு இருந்தால் அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்வு, பிரீதர் குழாய், டர்போ சீல் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லையென்றால் புதிய இன்டர்கூலரும் சீக்கிரத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். டிகிரீசர் ஊற்றிக் குலுக்கி, திரும்பத் திரும்ப அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். இந்த வண்டியில் எப்போதாவது டர்போ உடைந்திருந்தால், கம்ப்ரஸர் சக்கரத்தின் துகள்கள் இன்டர்கூலருக்குள் சிக்கியிருக்கும். கழுவினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்ப முடியாது. காற்று குளிரும் நடுப்பகுதியான கோரின் நெருக்கமான வழிகளில் ஒட்டிக்கொண்டு, என்றோ ஒரு நாள் முழு பூஸ்டில் கிளம்பி சிலிண்டருக்குள் போகும். அப்படி ஒரு வரலாறு இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

கசிவுக்கு, ஏர் ஃபில்டர் பக்கம் டர்போ வாயை அடைத்து, மெதுவாகக் காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வழக்கமான பூஸ்டுக்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. கோரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி வைத்த கம்பெனி இன்டர்கூலர்களில், தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில்தான் முதலில் குமிழி வரும். ஏர் மாஸ் மீட்டர் உள்ள வண்டியில் கசிவு இருந்தால், அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுவதால் பெட்ரோல் மிகுந்து கலவை கெட்டியாகிக் கறுப்புப் புகை வரும். டர்போவும் காரணம் இல்லாமல் அதிகம் சுற்றும். கசிவை அடைத்ததுமே பாதிச் சோர்வு போய்விட்ட வண்டிகள் நிறைய உண்டு.

இத்தனைக்குப் பிறகும் எண்கள் மோசமாகவே இருந்தால் வாங்குங்கள். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முகப்புப் பரப்பு: வெளிக்காற்று நேராக வந்து மோதும் அகலமும் உயரமும். தடிமன் இரண்டாம்பட்சம். ஏனென்றால் கோரின் முன்பாதியைக் கடந்த வெளிக்காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது. பின்பாதியில் அதனால் அதிகம் எடுக்க முடியாது. தடிமனை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது, காற்று புகுவதற்கான தடைதான் கூடும், பின்னால் இருக்கும் ரேடியேட்டர் பட்டினி கிடக்கும். உங்கள் அளவு பவருக்கு ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால் வைக்க 100 மி.மீ. தடிமன் தேவையே இல்லை. 60 முதல் 75 மி.மீ.க்குள், பம்பர் திறப்பு முழுவதையும் பயன்படுத்தும் அகலமான ஒன்றைத் தேடுங்கள்.

கோரில் இரண்டு வகை. பார் அண்ட் பிளேட் கனமானது, கல் அடியைத் தாங்கும், உலோகம் அதிகம் என்பதால் குறுகிய மிதிகளில் சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும். ஒரு முறை சூடேறிவிட்டால் ஆற நேரம் எடுக்கும். டியூப் அண்ட் ஃபின் இலேசானது, தன் வழியே அதிகக் காற்றை ரேடியேட்டருக்கு விடும், சீக்கிரம் ஆறும். சாலையில் விட்டு விட்டு மிதிக்கும் வண்டிக்கு பார் அண்ட் பிளேட் பொருந்தும். ரேடியேட்டர் ஏற்கெனவே திணறும் வண்டி என்றால் நான் டியூப் அண்ட் ஃபின்னைத்தான் சொல்வேன். எதுவானாலும் இரு பக்கத் தொட்டிகளின் வடிவத்தைப் பாருங்கள்: காற்று எல்லா வரிசைக்கும் பரவும்படி சரிவாக இருக்க வேண்டும். சதுரப் பெட்டியை ஒட்டவைத்த மாதிரி இருந்தால் நேர் எதிரே உள்ள சில வரிசைகளுக்கு மட்டும் காற்று போகும், மீதி சும்மா இருக்கும்.

லேக் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. புதிய கோரும் குழாய்களும் சேர்ந்து 5 லிட்டர் கொள்ளளவு கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.8 பாருக்கு நிரப்ப 4 லிட்டர் வெளிக்காற்று கூடுதலாக வேண்டும். 2 லிட்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமலே நொடிக்கு 50 லிட்டர் வரை இழுக்கிறது. அந்த வேகத்தில் 4 லிட்டர் என்பது பத்தில் ஒரு நொடிகூட இல்லை. டர்போ அப்போதுதான் சுழல ஆரம்பிப்பதால் நடைமுறையில் சற்றுக் கூடலாம். கியர் மாற்றும் இடைவெளியில் கவனித்தால் தெரியலாம். ஆனால் குழாயைத் தேவைக்கு மேல் பெருக்குவதில் பலன் இல்லை. 250, 300 குதிரைத்திறன் வரை இரண்டிலிருந்து இரண்டரை அங்குலக் குழாய் தாராளம். பெரிய இன்டர்கூலர் போட்ட பிறகு வண்டி உண்மையிலேயே மந்தமானால், கொள்ளளவைக் குறை சொல்வதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

பொருத்தும் வேலையில் பலரும் விட்டுவிடுவது ஓரங்களை அடைப்பது. காற்று எளிய வழியில்தான் போகும். இன்டர்கூலரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கோருக்குள் புகாமல் அதைச் சுற்றிப் போய்விடும். பம்பர் வாயிலிருந்து கோர் வரை அலுமினியத் தகடோ கெட்டி ஃபோமோ வைத்து நாலு பக்கமும் அடையுங்கள். கோருக்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஓரங்களையும் அடையுங்கள். வண்டிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள், ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக் காற்றை இழுத்துவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. சுமாரான இன்டர்கூலரும் நல்ல டக்ட்டும், விலை உயர்ந்த இன்டர்கூலரும் ஓட்டை விழுந்த முகப்பும் என்று இரண்டு வண்டிகள் இருந்தால் நான் முதல் வண்டியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

வண்டி பழையது என்பதால் ரேடியேட்டரையும் இப்போதே பாருங்கள். முன்னால் ஒரு சுவர் எழும்பப் போகிறது. பாதி அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த விசிறி, பழைய கூலன்ட் இவை எல்லாம் இதுவரை மறைந்திருந்தாலும் இனி மறையாது. வாட்டர் இன்டர்கூலர் பற்றியும் கேட்பார்கள்: டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் எஸ்டி205 அப்படித்தான் வந்தது. இடம் குறைவாக உள்ள இடத்தில் அருமையான வழி, ஆனால் பம்ப், தனி ரேடியேட்டர், குழாய்கள் என்று கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் கூடுகின்றன. உங்கள் வண்டியில் முன்பக்கம் இடம் இருக்கிறது; தேவையில்லை.

குழாய் இணைப்புகளில், அலுமினியக் குழாயின் முனையில் மேடான விளிம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஸ்டில் ஹோஸ் நழுவும். மாட்டும்போது எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். அப்புறம் இன்ஜின் மவுண்ட். பழைய வண்டியில் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் முழு மிதியில் இன்ஜின் அசைந்து ஹோஸைப் பிடுங்கிவிடும். எத்தனை நல்ல கிளாம்ப் போட்டாலும் நிற்காது. நீளமான உலோகக் குழாய்க்கு உடம்போடு ஒரு பிடிமானமும், இன்ஜின் பக்கம் அசைவை வாங்கிக்கொள்ள வளைந்து கொடுக்கும் ஒரு ஹோஸும் கொடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் மறுபடி கசிவுச் சோதனை, அப்புறம் அதே நாலு அளவுகள், அதே சாலையில், வெளி வெப்பநிலை ஏறக்குறைய ஒத்திருக்கும் நேரத்தில். மேனிஃபோல்ட் பூஸ்ட் கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடியிருந்தால் கலவையைச் சரிபார்க்கும்வரை முழு மிதி வேண்டாம். சில நாள் ஓடிச் சூடாகி ஆறிய பிறகு எல்லா கிளாம்பையும் ஒரு சுற்று இறுக்குங்கள், புது சிலிகான் ஹோஸ் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பூஸ்டை இன்னும் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை இதோடு சேர்த்துச் செய்யாதீர்கள். இந்த இன்டர்கூலரில், இந்த பூஸ்டில், ஐந்தாவது மிதியிலும் வெப்பநிலை நிலையாக நிற்கிறது என்று எண்கள் காட்டிய பிறகு அதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.